கூட்டக்காவுக்குக் கொடுக்காத குடைக்காசு

கூட்டக்காவுக்கு நான் குடைக்காசு பாக்கி வைத்திருந்தேன். பல வருஷம் வைத்திருந்தேன். இல்லாதவன் வைத்த பாக்கி என்றால் ஊர் மன்னிக்கும். என்னுடையது கல்லாவில் பணத்தை அடுக்கி வைத்துக்கொண்டே கொடுக்காத பாக்கி.

அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் இதுதான் வந்து நிற்கிறது. அதனால் இதை முதலில் எழுதிவிட்டேன். இனி முறையாகச் சொல்கிறேன்.

எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மூன்றாம் வகுப்போடு ஒட்டு உறவு அறுந்துபோனது. ஓவியர்கள் நிறைந்த எங்கள் பேட்டைக்கு நான் வந்தபோது தோளில் மரச்சட்டம் சுமக்கிற கூலியாள். இன்றைக்கு அதே பேட்டையில், சதுக்கத்தைப் பார்த்தபடி, மூன்று ஷட்டர் போட்ட ஓவியக் கடை எனக்கு இருக்கிறது. யாரும் எனக்கு ஏணி பிடிக்கவில்லை. படம் வரையத் தெரியாமலே படத்தில் சம்பாதித்தவன் நான் ஒருவன்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கம் வேறு இடத்தில் இருக்கிறது.

எங்கள் சதுக்கத்தைத் தெரியாதவர்கள் குறைவு. நடுவில் நீரூற்று, சுற்றிலும் கோணல்மாணலான பழைய வீடுகள், நாற்காலிகளை வெளியே பரப்பிய காபிக்கடை, ஐந்து நிமிஷத்தில் உங்கள் முகத்தை வரைந்து கையில் கொடுக்கிறவர்கள், பூவண்டிக்காரி, கால்மாட்டில் தொப்பியை மல்லாத்திவைத்துப் பாட்டு வாசிக்கிறவன். வெளியூர்க்காரர்கள் வந்து உட்கார்ந்து காபி குடிப்பார்கள். எதிரில் சதுக்கம் சும்மாவே கிடக்கும். இருந்தாலும் அதைப் படமாகக் காசு கொடுத்து வாங்கிப் போவார்கள். அந்தப் பைத்தியத்தில்தான் நாங்கள் எல்லாரும் பிழைத்தோம்.

அந்தப் படங்களில் கட்டடம், வானம், நீரூற்று எல்லாம் தாடிக்காரர் வரைவார். கீழே கையெழுத்தும் அவர்தான் போடுவார். அவர் கட்டடம் வரைந்தால் செங்கல் செங்கலாக எண்ணலாம். மனிதர்கள்தான் அவருக்கு வரமாட்டார்கள். அவர் வரைந்த ஆட்கள் எல்லாரும் கொடியில் காயப்போட்ட சட்டை மாதிரி தொங்குவார்கள். அதனால் பல வருஷம் ஆளில்லாமலே வரைந்து பார்த்தார். ஒருவரும் வாங்கவில்லை. எழவு விழுந்த தெரு போல இருந்தால் யார் வாங்குவார்கள்?

கூட்டக்கா அவர் அறையில் பிரஷ் கழுவ வந்தவள். ஒரு தையல்காரரின் மகள். சின்ன வயதில் அப்பாவின் வெட்டுமேஜைக்கு அடியில் உட்கார்ந்து வளர்ந்தவள். "எங்கப்பா வர்றவங்க மூஞ்சியவே பாக்க மாட்டார். முதுகப் பாத்துப் பேர் சொல்லுவார்" என்பாள். ஒரு நாள் தாடிக்காரர் காபி குடிக்கப் போன நேரத்தில், காய்ந்துகொண்டிருந்த ஒரு படத்தில் அவள் பாட்டுக்கு மூன்று ஆட்களைப் போட்டுவிட்டாள். பூவண்டிக்காரி, அவளிடம் பேரம் பேசுகிற ஒரு கிழவர், கிழவரின் கையைப் பிடித்து இழுக்கிற அவர் மனைவி. ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். தாடிக்காரர் திரும்பி வந்து கத்தினார். கத்தி முடிப்பதற்குள் அந்தப் படத்தை ஒருவர் வாங்கிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அவள் வேலை அதுவே ஆனது. பேட்டையில் எந்தக் கடைப் படமானாலும் கட்டடம் காய்ந்ததும் அவளிடம் வரும், அவள் கூட்டம் போட்டுக் கொடுப்பாள். அதனால் கூட்டக்கா. என்னைவிட வயதில் சின்னவள், ஆனாலும் சதுக்கத்துக்கே அக்கா. கூலி தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. குழந்தை என்றால் பாதி. நாய்க்கும் புறாவுக்கும் காசு வாங்கமாட்டாள். "அது என் ஆசைக்குப் போடறது."

அவளைப் பெரிய மகாத்மா என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் வெயில் ஏறாமல் எழுந்திருக்கமாட்டாள். புடவைக்கு மேல் போடுகிற சட்டையின் பையில் எப்போதும் மிட்டாய் இருக்கும், கேட்டாலும் தரமாட்டாள். பிடிக்காத பெண்களைப் படத்தில் பருமனாகப் போட்டுவிடுவாள். செருப்பு தைக்கிற அவள் புருஷன் ஒருவன்தான் அவளை அதட்டக்கூடியவன், அவனும் தூரத்தில் நின்றுதான் அதட்டுவான்.

ஒரு சமயம் ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய பெரிய ஓட்டலிலிருந்து எனக்கு ஆர்டர் வந்தது. மாடிக்கு மாடி வராந்தா நெடுக மாட்டுவதற்குச் சதுக்கத்தின் படங்கள். அந்த ஓட்டல் மேனேஜருக்கு மழைப் படம்தான் வேண்டுமாம். நனைந்த கல் தரை பளபளவென்று இருக்கும், பார்ப்பதற்குக் குளுமையாக இருக்கும் என்றார். அவ்வளவு பெரிய ஆர்டர் அதுவரை பேட்டையில் யாருக்கும் கிடைத்ததில்லை. நான் பிடித்தேன்.

தாடிக்காரர் நனைந்த கட்டடங்களை வரைந்தார். கூட்டக்கா கூட்டம் போட்டாள். மழை என்றால் கூட்டம் குடை பிடிக்கும். படம் முழுக்கக் கறுப்புக் குடை, சிவப்புக் குடை, மடங்கிப்போன குடை, காற்றில் திருப்பிக்கொண்ட குடை. வேலை முடிந்து கூலிக்கு வந்து நின்றாள். நான் ஒவ்வொரு படமாகப் பார்த்து, முகம் தெரிகிற ஆட்களை மட்டும் எண்ணிக் காசை எடுத்து வைத்தேன்.

"என்னண்ணே, பாதிகூட வரலையே?"

"தலைக்கூலிதானே உன் கணக்கு? தலை தெரியறதுக்கெல்லாம் குடுத்துட்டேன்."

"குடைக்குக் கீழ இருக்கறவங்க?"

"எங்க இருக்காங்க? எனக்குக் குடைதான் தெரியுது."

"குடை தானா நடந்து போகுமா அண்ணே?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு வீம்பு வந்தது. "தலை இல்லன்னா தலைக்கூலி இல்ல" என்றேன். அவள் சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, வைத்த காசை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

எனக்கு முடை எதுவும் இல்லை. ஓட்டல்காரர் முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுத்திருந்தார். ஏமாற்ற முடிந்தது, ஏமாற்றினேன். அன்று சாயங்காலம் காபிக்கடையில் உட்கார்ந்து, கூட்டக்காவையே மடக்கிவிட்டேன் என்று பெருமையடித்தேன். எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அவர்கள் சொல்லாததை நான் இப்போது சொல்கிறேன். கூட்டக்காவிடம் ஒரு வழக்கம் இருந்தது. அவளுக்குப் பாக்கி வைத்தவனைப் படத்தில் முதுகு காட்டி நிற்கவைப்பாள். கடன்காரனுக்கு முகம் கிடையாது. பாக்கி தீர்கிறவரை, அவள் போடுகிற ஒவ்வொரு கூட்டத்திலும் அவன் எங்காவது ஒரு மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். காபிக்கடைக்காரர் ஒரு மழைக்காலம் முழுவதும் தட்டோடு முதுகு காட்டி நின்றாராம். பணத்தைக் கொடுத்தபிறகு வந்த படத்தில் அவர் முகம் வந்ததும், அவர் மனைவி அன்றைக்கு எல்லாருக்கும் காபி இலவசம் என்றாளாம். சதுக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூட இந்த வழக்கம் தெரியும்.

எனக்குத் தெரியாது. ஏனென்றால் நான் கூலிக்குத் தலை எண்ணுவேனே தவிர, கூட்டத்தைப் பார்ப்பதே இல்லை. படம் வந்தால் நீளம் அகலம் பார்ப்பேன், சட்டத்தின் மூலை சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன், விலை போடுவேன். சுமை தூக்கியே என் இடது தோள் தாழ்ந்திருக்கும்; செங்கல் நிறச் சட்டைதான் எப்போதும் போடுவேன். அந்தத் தோளும் அந்தச் சட்டையும் வருஷக்கணக்காக என் கடை வழியாகவே உலகம் முழுக்க விலைபோயின. கட்டிக் கொடுத்ததும் நான்தான், காசு வாங்கியதும் நான்தான்.

பிறகு மூன்று ஷட்டர் கடை திறந்தேன். பின்சுவரை அடைத்து ஒரே படமாகச் சதுக்கம் வேண்டும் என்று தாடிக்காரரிடமும் கூட்டக்காவிடமும் சொன்னேன்.

"பேட்டையில ஒருத்தர் விடாம எல்லாரையும் போடு. நடுவுல என்னைப் போடு. பாக்கறவனுக்கு இது யார்னு உடனே தெரியணும்."

"எப்படி நிக்கணும் அண்ணே?"

"முதலாளி மாதிரி."

"நீங்க எப்படி இருக்கீங்களோ அப்படியே போட்டுடறேன்" என்றாள்.

படம் வந்தது. பத்தடி நீளம். பூவண்டிக்காரி, காபிக்கடைக்காரர், முகம் வரைகிறவர்கள், தொப்பிப் பாட்டுக்காரன், தாடிக்காரர், எல்லாரும் பளிச்சென்று முகத்தோடு. நடுவில் நான், செங்கல் நிறச் சட்டையில், முதுகு காட்டி. எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பேட்டையே என்னைப் பார்த்து நிற்கிறது, நான் அதை மேற்பார்வை பார்க்கிறேன் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டேன். நான்கு ஆட்களை வைத்துத் தூக்கி மாட்டினேன். வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் கைநீட்டிக் காட்டினேன். பேட்டைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். படம் நன்றாக இருப்பதால் வருகிறார்கள் என்று நினைத்தேன்.

என் மகளைக் கொடுத்த இடம் படித்த குடும்பம். சம்பந்தி வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், அதிர்ந்து பேசமாட்டார். கல்யாணத்துக்குப் பிறகு முதன்முறையாக என் மகளோடு கடையைப் பார்க்க வந்தார். காபி சொல்லி அனுப்பினேன். படத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன்.

"பிரமாதமா இருக்கு. நடுவுல நிக்கறது நீங்கதானே சம்பந்தி?" என்றார்.

"தோளைப் பாத்தே கண்டுபிடிச்சிட்டீங்களே!"

"எல்லாருக்கும் முகம் இருக்கு. உங்களுக்கு மட்டும் ஏன் முதுகு?"

"முதலாளின்னா அப்படித்தான். எல்லாரும் என்னப் பாக்கறாங்க, நான் எல்லாரையும் பாக்கறேன்."

காபித் தட்டோடு நின்ற காபிக்கடைக்காரருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கோப்பைகள் கிணுகிணுத்தன.

"என்னய்யா சிரிப்பு?"

"ஒண்ணுமில்லண்ணே. தன் முதுகு தனக்குத் தெரியாதும்பாங்க. உங்களுக்குப் பத்தடி நீளத்துக்கு வரைஞ்சு மாட்டியும் தெரியலையே!"

சம்பந்தி என்ன விஷயம் என்று கேட்டார். காபிக்கடைக்காரருக்கு மறைக்கத் தெரியவில்லை. தான் தட்டோடு முதுகு காட்டிய கதையைச் சொன்னார், வழக்கத்தைச் சொன்னார், கடைசியில் என் குடைக் கதையையும் சொன்னார். "குடைக்கெல்லாம் காசு கிடையாதுன்னுட்டார் அண்ணன். அன்னிக்குத் திரும்பினவர்தான்."

சம்பந்தி கோப்பையை மெதுவாகத் தட்டில் வைத்தார். "எவ்வளவு இருக்கும் அந்தப் பாக்கி?" என்று கேட்டார். வங்கிக்காரர் கேள்வி. எவ்வளவு என்றுகூட நான் எண்ணிப் பார்த்ததில்லையே. அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் வெயில் இந்த வருஷம் அதிகம் என்று பேச ஆரம்பித்தார். அறைந்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

அவர் கடையைச் சுற்றிப் பார்க்க எழுந்ததும் மகளைத் தனியாக அழைத்தேன்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ப்பா."

"எப்போலேருந்து?"

"ஸ்கூல் போற காலத்துலேருந்து. வழியில எல்லாக் கடை ஜன்னல்லயும் உங்க முதுகுதான். நான் தலையக் குனிஞ்சுக்கிட்டே போயிடுவேன்."

"ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா காசு குடுத்திருப்பீங்களா? அக்காவைத்தான் வேலைய விட்டுத் துரத்தியிருப்பீங்க."

உண்மை. துரத்தித்தான் இருப்பேன். நான் வாழ்க்கையில் பலர் முன்னால் கை கட்டி நின்றிருக்கிறேன், அதெல்லாம் வயிற்றுக்காக. பெற்ற பெண் தலையைக் குனிந்துகொண்டு பள்ளிக்கூடம் போனாள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவளைப் பெரிய பள்ளிக்கூடத்தில் போட்டேன் என்று எத்தனை பேரிடம் பீற்றியிருக்கிறேன்.

மறுநாள் கல்லாவைத் திறந்து, கைக்கு வந்ததை அள்ளிக் கட்டி, கடைப் பையனாக இருந்து இப்போது கணக்கு பார்க்கிறவரிடம் கொடுத்து அனுப்பினேன். நானே போக முகம் இல்லை. போன வேகத்தில் திரும்பி வந்தார், கட்டு அவிழாமல்.

"என்ன சொன்னா?"

தயங்கினார். "குடைய எண்ணிக் குடுத்த காசா, கண்ண மூடிக்கிட்டு அள்ளின காசான்னு கேட்டாங்க முதலாளி. அள்ளினதுன்னு சொன்னேன். அப்ப வேண்டாம், எண்ணி அவர் கையால குடுக்கச் சொல்லுன்னுட்டாங்க."

எண்ண வேண்டுமென்றால் ஓட்டலுக்குத்தான் போகவேண்டும். போனேன். படத்தில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்க்க வந்தேன் என்று வாசலில் பொய் சொன்னேன். எழுதிக் கணக்குப் போடுவது எனக்கு வராது, அதனால் சட்டம் அடிக்கிற ஆணிகளை வலது பையில் நிரப்பிக்கொண்டு போயிருந்தேன். ஒரு குடைக்கு ஒரு ஆணி இடது பைக்கு மாறும்.

முதல் மாடியை முடித்துவிட்டேன். இரண்டாவது மாடியில் ஒரு படத்துக்கு முன்னால் ஆணியை எடுத்தவன் அப்படியே நின்றேன். அந்தச் சிவப்புக் குடைக்குக் கீழே நான்கு கால்கள் இருந்தன. இரண்டு பேர் ஒரே குடையில் ஒட்டிக்கொண்டு போகிறார்கள். பெண்ணின் செருப்பில் வார் அறுந்திருந்தது, அவள் ஒரு காலை இழுத்து நடக்கிறாள் என்றுகூடத் தெரிந்தது. செருப்பு தைக்கிறவன் பெண்டாட்டி அல்லவா. பக்கத்துக் குடையைப் பார்த்தேன். பெரிய பூட்ஸ் இரண்டு, நடுவில் துளியூண்டு பூட்ஸ் இரண்டு.

இடது பையிலிருந்த ஆணிகளை எல்லாம் வலது பையில் கொட்டினேன். முதல் மாடிக்கு இறங்கிப் போய் மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை குனிந்து காலை எண்ணினேன். பெரியவர்களுக்குப் பெரிய ஆணி, குழந்தைக்குச் சின்ன ஆணி. தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"யாரத் தேடறீங்க சார்?"

"ஆளுங்களத்தாம்மா."

"எந்த ரூம்?"

"ரூம் இல்ல. குடைக்குக் கீழ இருக்கறவங்க."

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போய்விட்டாள்.

மேல்மாடியில், மாடிப்படிக்கு எதிரே மாட்டியிருந்த படத்தில், குடையில்லாத ஆள் ஒருவன் இருந்தான். பெரிய கேன்வாஸ் ஒன்றைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு மழையில் ஓடுகிறான். செங்கல் நிறச் சட்டை. இடது தோள் தாழ்ந்திருக்கிறது. முகம் முழுதாகத் தெரிகிறது, சிரிக்கிறான். பாக்கி வைப்பதற்கு முன்னால் அவள் போட்ட நான். எனக்குப் பக்கத்தில் எல்லாரும் குடையோடு போகிறார்கள். அத்தனை பேரில் நான் கூலி கொடுத்தது அந்த ஒரு தலைக்குத்தான்.

கையிலிருந்த ஆணியை வலது பையிலேயே திரும்பப் போட்டேன்.

அடுத்த நாள் காலை, வெயில் ஏறியபிறகு, சதுக்கத்துக்குப் போனேன். கூட்டக்கா நீரூற்றுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு, மடியில் ஒரு படத்தை வைத்துக் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடி போட ஆரம்பித்திருந்தாள். என் கடையிலிருந்து அவள் முக்காலி வரை இருக்கிற தூரம் எனக்குப் பழகிய தூரம்தான். அன்றைக்கு நீண்டுகொண்டே போனது. காபிக்கடை நாற்காலிகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. பூவண்டிக்காரி தண்ணீர் தெளிப்பதை நிறுத்தினாள்.

"உள்ள வாயேன், கடையில வச்சுக் குடுக்கறேன்" என்றேன், மெதுவாக.

"எதுக்குண்ணே உள்ள? வெளிய உக்காந்துதானே பெருமையடிச்சீங்க? எண்ணினீங்களா?"

"எண்ணிட்டேன்."

இடது பையிலிருந்த ஆணிகளை அவள் வர்ணப் பெட்டி மூடியில் கொட்டினேன். குவியலைப் பார்த்தாள். ஒரு ஆணியை எடுத்துத் திருப்பினாள்.

"குடைக்கு ஒண்ணா? ஆளுக்கு ஒண்ணா?"

"ஆளுக்கு. சின்ன ஆணி குழந்தைங்க."

அவள் கண்ணாடிக்கு மேலாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். பாக்கி வைத்த பிறகு அவள் என் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"எந்த ரேட்டு? அன்னிக்கு ரேட்டா, இன்னிக்கு ரேட்டா?" என்று காபிக்கடைக்காரர் அங்கிருந்தே கூவினார்.

"உங்களக் கேட்டாங்களா? போய்க் காபியப் பாருங்க" என்றாள் கூட்டக்கா.

"இன்னிக்கு ரேட்டு" என்றேன் நான். "குழந்தைங்களுக்கும் முழுசாவே வச்சுக்கோம்மா."

"வேண்டாம். குழந்தைக்குப் பாதிதான். எனக்கு வர்றது வந்தா போதும்."

படத்தில் என்னைத் திருப்பிப் போடுவாயா என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். அந்தக் கேள்வியை ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்திருந்தேன். கேட்கவில்லை. கேட்டால் இந்தக் காசு அதற்கான கூலி ஆகிவிடும்.

அவள் பிரஷ்ஷைக் காதில் செருகிக்கொண்டு, வலது கையை முன்றானையில் துடைத்தாள். துடைத்தும் உள்ளங்கை ரேகைகளில் நீலம் மிச்சம் இருந்தது. கையை விரித்து நீட்டினாள்.

"சத்தமா எண்ணுங்கண்ணே. எல்லாருக்கும் கேக்கட்டும்."

எண்ணினேன். முதல் நோட்டை முணுமுணுத்தேன்; மறுபடி எண்ணச் சொன்னாள். மறுபடி எண்ணினேன். தொப்பிப் பாட்டுக்காரன் வாசிப்பதை நிறுத்திவிட்டான். எண்ணி எண்ணி ஒவ்வொன்றாக வைத்தேன். குழந்தைகளுக்கான சில்லறையைத் தனியாக மேலே வைத்தேன். கடைசி நாணயத்தை வைத்து என் கையை எடுத்தபிறகுதான் அவள் விரல்களை மடக்கினாள்.